முகட்டுச் சுவரின் வெள்ளை

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையின் மாலைகள் நேரத்தோடு முதுமை அடைந்துவிடும். மேற்கே தம்பலகாமத்துக் களங்களின் பதரை அள்ளிக்கொண்டு, காடு கடந்து, வற்றிய குளங்களின் வண்டலைத் தடவி நகரத்துக்குள் நுழைகிற அந்தக் காற்றில் ஈரம் மருந்துக்கும் இராது. உதடு வெடிக்கும். வேம்பு இலை சுருளும். கிணற்று வாளியின் கயிறு நாளுக்கு நாள் நீளம் கேட்கும். கரையை ஒட்டிய கடலோ, நிலத்திலிருந்து வரும் காற்றுக்குப் பணிந்து, அலையடங்கிக் கிடக்கும். பழைய பாடல்கள் கதிரவன் சாயும் வேளையை நெய்தல் நிலத்துக்கு உரிமையாக்கி வைத்தன. கடலுக்குப் போனவரைக் கரையிலிருப்போர் எதிர்பார்க்கும் வேளை அது. கச்சான் மாதங்களில் அந்த வேளை தூசியால் மங்கி, வானும் நீரும் மலையும் ஒரே சாம்பல் துணியில் மடித்து வைத்தவை போலாகும். ஆதியில் தான் பிரித்து வைத்த ஒளியையும் இருளையும் ஆண்டவர் சற்று நேரம் மீண்டும் கலந்து பார்க்கிறார் என்றே தோன்றும்.

உட்துறைமுகத்தின் கரையில், ஓர்ஸ் ஹில் என்ற குன்று சரிந்து நீரைத் தொடுகிற இடத்தில், கிட்டங்கித் தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த மாவும் சீனியும் சீமெந்தும் வத்தை எனப்பட்ட சரக்குத் தோணிகளில் இறக்கப்பட்டு, மனிதர் முதுகில் ஏறி, இங்குள்ள கிட்டங்கி எனும் பண்டகசாலைகளை நிறைத்தன. பின்பு பெரிய கப்பல்கள் துறைமுகத்தின் மறுகரைக்குப் போய்விட்டன. பூட்டிய கிட்டங்கிகளில் வௌவால்கள் குடியேறின. இப்போது அவை மறுபடியும் திறந்திருக்கின்றன. மாக் கிட்டங்கியில் களிமண் பாத்திரம் சுடுகிறார்கள். சீமெந்துக் கிட்டங்கியில் துணிக்கு அச்சுப் பதிக்கிறார்கள். மூட்டை நிறுத்த பெரிய தராசின் தட்டில் போகன்விலா பூத்திருக்கிறது. டோஹாவில் ஹோட்டல் வேலை செய்து திரும்பிய ஸப்வான் என்ற இளைஞன் சீனிக் கிட்டங்கியைக் கோப்பிக்கடை ஆக்கி, அதன் வாசலில் நீரைப் பார்த்தபடி வெள்ளைக் கித்தான் பந்தல் ஒன்றை விரித்திருக்கிறான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவோர் இந்தத் தெருவைச் சுற்றிப் பார்ப்பார்கள்.

அவர்களை அழைத்துச் சென்று காட்டுகிறவள் மெலனி. தெருக்கோடியில் குடியிருக்கும் யோசேப்பின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்துவிட்டு வந்தவள். யோசேப்பு இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். அவரும், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அப்துல் மஜீதும் இளமையில் ஒரே வத்தையில் மூட்டை சுமந்தவர்கள். வத்தை வேலை நின்றதும் ஆளுக்கொரு தோணி வாங்கி மீனுக்குப் போனவர்கள்.

தோணிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் உயிர்த்த ஞாயிறு கழிந்து, கச்சான் தொடங்குமுன், நீரைப் பார்த்து நிற்கும் கடைசிக் கிட்டங்கியின், கூரையளவு முக்கோணமாய் உயர்ந்த முகட்டுச் சுவருக்கு எல்லோரும் சேர்ந்து வெள்ளையடிப்பார்கள். முஸ்லிம்கள் சுண்ணாம்பு கொண்டுவருவார்கள். கத்தோலிக்கர் ஏணி கொண்டுவருவார்கள். யோசேப்பின் மனைவி கிறேஸும் மஜீதின் மனைவி உம்மு குல்சுமும் ஒரே அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி வைப்பார்கள். அந்த வெள்ளைக்குக் காரணம் உண்டு. துறைமுக வாயிலில் நீருக்கடியில் ஒரு பார் கிடக்கிறது. தோணியின் அடியைக் கிழிக்கிற பாறை. மாலையில் திரும்பும் தோணிக்காரன், வெள்ளை முகடு ஓர்ஸ் ஹில் தண்ணீர்த்தாங்கிக்கு நேர் கீழே வரும்வரை காத்திருந்து, பிறகு தோணியின் முனையான அணியத்தைத் திருப்பினால், பாரை விலக்கி உள்ளே வந்துவிடலாம். ஆனால் இளையவர்கள் கைப்பேசியில் வழி பார்க்கத் தொடங்கிய பிறகு காரணம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. வெள்ளையும் கறியும் மிஞ்சின.

ஆகவே, அந்தச் சுவரில் சித்திரம் தீட்டட்டுமா என்று இந்த ஆண்டு மெலனி கேட்டபோது, முதலில் சம்மதித்தவர் மஜீத்தான்.

“கீறு மகள். இந்த வருசம் எங்களுக்கு வெள்ளையடிக்கிற வேல மிச்சம்.”

“அப்ப கறி?” என்று யாரோ கேட்டார்கள்.

“கறி அது பாட்டுக்கு ஆக்குவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கறி ஆக்கினார்கள். யோசேப்பு ஏணியைப் பிடித்தார். மெலனி சுண்ணாம்பிலே சாயம் குழைத்துச் சுவர் முழுவதும் இருண்ட நீலக் கடல் ஒன்றை விரித்தாள். அடியில் மூட்டை சுமக்கும் வத்தைக்காரர் வரிசையாய் நடந்தார்கள். மேலே, முகட்டின் முக்கோணத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு மனித முகம் எழுந்தது. பழுப்பும் நீலமும் கலந்த அந்த முகம் யோசேப்பினுடையது.

அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தவிர வேறெதற்காகவும் ஒருவரும் உற்றுப் பார்த்திராத முகம் அது. தெரு அவரை விடவில்லை.

“யோசேப்பண்ணே, இனி நீங்கள்தான் துறைமுகத்துக்குப் பெரியவர். கப்பல் வந்தா உங்களிட்டக் கேட்டுத்தான் உள்ள வரவேணும்.”

“போங்கடா,” என்பார். ஆனால் உட்கார்ந்து வலையின் கிழிசல் பொத்துகிற கதிரையை, சுவர் தெரியும் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கிறேஸ் அதைக் கவனித்தாள்.

கச்சான் முற்றியது. ஒருநாள் அந்தியில் யோசேப்பு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். தூசி மூடிய கரையில் நீலச் சுவர் தெரியவில்லை. தாங்கி மட்டும் புகைபோல நின்றது. சுவர் வெள்ளை இழந்ததை அவர் மனம் அறியும். கைக்கு அது தெரியாது. தாங்கியின் கீழே ஒரு வெள்ளை வந்து நின்றதும் கை தானாகவே தோணியைத் திருப்பியது. முன்னே நீர் நிறம் மாறிக் கொதித்ததைக் கண்டு, கடைசி நொடியில் அவர் தோணியை மறித்தார். அந்த வெள்ளை ஸப்வானின் பந்தல்.

கரைக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார். தெருவில் கால் வைத்தபோது, வெளியூர்ப் பெண்ணொருத்தி சுவரைப் படமெடுத்துவிட்டு அவரையும் பார்த்து, இருவரும் ஒருவரே என்று கண்டு கும்பிட்டாள். சொன்னால் நாளைக்கே சுண்ணாம்பு வாளி வரும், அந்த முகம் மறையும். நாளைக்குச் சொல்வோம் என்று வீட்டுக்குப் போனார். நாளை வந்தது, அதற்கும் ஒரு நாளை இருந்தது.

அந்த நாட்களுக்குள் ஓர் அந்தியில் மஜீதின் தோணி பாரில் ஏறியது. அடிப்பலகை பிளந்தது. மஜீத் எறியுண்டு தோள் மூட்டு விலகி, பின்னால் வந்த இளையவர்களின் தோணியில் கரை சேர்ந்தார். தோணியையும் அவர்கள் இழுத்து வந்தார்கள்.

யோசேப்பு பார்க்கப் போனபோது மஜீத் கையைத் துணியில் தொங்கவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“வா மச்சான், இரி. வாசல்ல ஆரோ எண்டு பாத்தன். கண்ணுதான் போச்சே.”

“கண்ணு போச்சாம்,” என்றது குசினிக்குள்ளிருந்து உம்மு குல்சுமின் குரல். “சூட மீன்ல முள்ளக் கண்டு எடுத்து எனக்குக் காட்டினவரு இவருதான். ஈ பறந்தா ஒரே அடி. பாரு மட்டும் கண்ணுக்குத் தெரியல்ல.”

“நீ பேசாம இரி.” மஜீத் குரலைத் தாழ்த்தினார். “வெள்ளையக் கண்டன் மச்சான். தாங்கிக்குக் கீழ, வடிவா, நேரா. திருப்பினன். பாருக்கு மேல நிக்கிறன். அந்தச் சுவர்ல இப்ப வெள்ளை இல்லையெண்டு பொறகுதான் ரோசன வந்திச்சு. அப்ப நான் கண்டது என்ன? இல்லாத வெள்ளையக் காட்டுற கண்ண வெச்சிக்கிட்டுக் கடலுக்குப் போக ஏலுமா?”

யோசேப்பு பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மஜீத்…”

“சொல்லு.”

“தோள் நோகுதோ?”

“நோகாம?” மஜீத் சிரித்தார். “தோணிய ஸப்வான் கேட்டான். குடுத்திட்டன்.”

“என்னத்துக்கு?”

“அணியத்த மேல நிமித்தி வெச்சி, குறுக்கால பலகை அடிச்சி, புத்தகம் அடுக்கப் போறானாம். கோப்பி குடிக்க வாறவங்க எடுத்துப் படிப்பாங்களாம். காசு வேணா, காலம்பற ஒரு கோப்பி தந்தாச் சரியெண்டு சொன்னன். சனிக்கிழம பின்னேரம் தூக்குறாங்க.”

“பலகை மாத்தினா ஓடுமே, மச்சான்.”

“பலகைய மாத்தலாம். கண்ண?”

உம்மு குல்சும் வாசலில் வந்து நின்றாள். இம்முறை அவள் கேலி செய்யவில்லை. “ராவு முழுக்க ஒரு கண்ணப் பொத்திப் பொத்தி விளக்கப் பாக்கிறாரு அண்ணன். நீங்களாவது ஒரு கத சொல்லுங்க.”

யோசேப்பு எழுந்தார். வலை பொத்தக் கிடக்கிறது என்றார்.

யோசேப்பின் வீட்டில் நாள்தோறும் அந்திக்குப் பின் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் மெலனி, சிறுமியாய் இருந்த நாளிலிருந்து செய்வதுபோல, பெற்றோர் முன் கைகுவித்து, “சேசுவுக்குத் தோத்திரம்” என்பாள். யோசேப்பு அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பார். அன்று அவர் கை எழவில்லை.

“அம்மாட்ட வாங்கு, பிள்ளை.”

மெலனி குவித்த கையை இறக்கினாள். பிறகு தாயிடம் நெற்றியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிறேஸ் இடியப்பத்தையும் சொதியையும் அவர் முன் வைத்தாள். “பிள்ளையில என்ன கோவம்?”

“கோவமில்லை.”

“அப்ப குருவானவரிட்டச் சொல்லவேண்டிய கதையோ?”

“பாரில ஏறினது குருவானவரின்ர தோணியில்லை.”

அவள் அகப்பையோடு நின்றாள். “சொதியில உப்புக் கூடினாலே முகத்தில காட்டிக் குடுக்கிற ஆள் நீங்கள். உங்களுக்கு ஒளிக்கத் தெரியாது. அந்த முகத்தைத்தான் மோள் அங்க உசரத்தில கீறி வச்சிருக்கிறாள். போய் அதைப் பாத்துக்கொண்டு ஒளிச்சுப் பாருங்கோ.”

சனிக்கிழமை வந்தது. காற்று அனலாய் வீசியது. மெலனி ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தராசைக் காட்டினாள், தரையில் இன்னும் மிஞ்சியிருந்த தண்டவாளத் துண்டைக் காட்டினாள், பாத்திரச் சூளையின் வாசலில் நிறுத்தி, ஈரக் களிமண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கடைசிக் கிட்டங்கியின் முன்னே வந்ததும் ஒரு முதியவர் கேட்டார்:

“மேல இருக்கிறது ஆர், அம்மா? ஏதும் தலைவரோ?”

“என்ர அப்பா.”

“என்ன செய்தவர்?”

“மூட்டை சுமந்தவர். இப்ப மீன் பிடிக்கிறார்.” அவள் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் கீறின முகங்களிலை எனக்குத் திருத்தவேண்டிய தேவை இல்லாத ஒரே முகம் அதுதான்.”

நீரோரத்தில் நின்ற யோசேப்பின் காதில் அது விழுந்தது. அதே வேளை, உருளைக் கட்டைகளின் மேல் மஜீதின் தோணியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மஜீத் ஒற்றைக் கையால் அணியத்தைத் தொட்டபடி கூடவே நடந்தார். குதிரையை விற்றவன் சந்தை வாசல்வரை கூட நடப்பதைப்போல நடந்தார். உம்மு குல்சும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்னே வந்தாள்.

யோசேப்பு வந்து தோணியின் முன்னே நின்றார்.

“விடுங்கோ. தோணியை இறக்குங்கோ.”

ஸப்வான் விழித்தான். “ஏன் அண்ணன்?”

“மச்சான்,” என்றார் யோசேப்பு, மஜீதிடம். “உன்ர கண்ணில ஒரு பிழையும் இல்லை. நீ கண்ட வெள்ளை இவன்ர பந்தல்.”

எல்லோரும் திரும்பி, கோப்பிக்கடையின் முன்னே காற்றில் உப்பி நின்ற கித்தானைப் பார்த்தார்கள்.

“எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. உனக்கு முதல். தாங்கிக்குக் கீழ வெள்ளையக் கண்டு திருப்பிப்போட்டு, கடைசி நேரத்தில தப்பி வந்தனான். வந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஏன்?” என்றார் மஜீத்.

யோசேப்பு தலையை உயர்த்தி முகட்டைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மேலே அந்த முகம், கீழே இருந்தவரின் கலக்கம் எதையும் அறியாமல், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மஜீத் நீரின் விளிம்புக்குப் போனார். இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு தூரத்து மிதவையைப் பார்த்தார். பிறகு வலக் கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

“அப்ப என்ட கண்ணு நல்லாத்தான் இரிக்கி.”

“ஓம்.”

“அல்ஹம்துலில்லாஹ்.” அவர் இன்னொரு முறை மிதவையைப் பார்த்தார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது. “ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் மச்சான். ராவு ராவா விளக்கப் பாத்துக்கிட்டு இருந்தன்.”

“ஓம். சொல்லியிருக்கவேணும்.”

“ஒன்ட மூஞ்சிக்காகவா நான் பார்ல ஏறினன்?”

“ஓம்.”

மஜீத் முகட்டையும் யோசேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பிடியொண்டும் வடிவான மூஞ்சியுமில்லையே.”

முதலில் சிரித்தவள் உம்மு குல்சும். முந்தானைக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கலாம் என்ற துணிவு வந்தது.

“காக்கா, அப்ப தோணி?” என்றான் ஸப்வான், மஜீதிடம்.

“தோணி கடலுக்கு. நீ புத்தகத்துக்கு ஒரு அலுமாரி வாங்கு. பந்தலுக்கு இண்டைக்கே சாயம் போடு.”

மெலனி கூட்டத்தை விட்டு விலகித் தகப்பனிடம் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அழுகை இல்லை.

“எவ்வளவு மட்டும் வெள்ளை வேணும், அப்பா?”

“முகடு முழுக்க. கீழ இருக்கிற ஆக்களைக் கரையில நிக்கிற மீன்வாடிக் கொட்டில் மறைக்குது, கடலுக்குத் தெரியாது. அவை இருக்கலாம்.”

“அப்ப நீங்கள் மட்டும்தான் போறது.”

“நான் மட்டும்தான்.”

“என்னட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“உன்னட்ட எப்பிடிச் சொல்லுறது? என்னை அப்பிடி ஒருத்தரும் பாத்ததில்லை, பிள்ளை.”

அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த வலைநூலை எடுத்துப் போட்டாள்.

ஞாயிறு, பூசை முடிந்ததும் சுண்ணாம்பு வந்தது, ஏணி வந்தது, பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். இம்முறை ஏணியைப் பிடித்தவள் மெலனி. மேலே ஏறியவர் யோசேப்பு. மற்றவர்கள் அடிக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். தம் தாடையிலிருந்து தொடங்கினார். ஈரச் சுண்ணாம்பு உடனே வெளுப்பதில்லை. பூசிய பின்னும் முகம், ஆழமில்லாத நீருக்கடியில் கிடப்பது போல, தெளிவாகவே தெரிந்தது. கச்சான் வந்து அதை உலர்த்த உலர்த்தத்தான் வெள்ளை எழுந்து வந்தது. கன்னம் போயிற்று, நெற்றி போயிற்று, கடைசியாகக் கண்கள் போயின.

“மச்சான், காதுப் பக்கம் விட்டிட்டாய்,” என்று கீழிருந்து கத்தினார் மஜீத். “கெட்டிக்காரன். ஒரு காதாவது இரிக்கட்டும் எண்டு பாக்கிறான்.”

“வேறை சுவரில கீறித் தாறன், அப்பா,” என்றாள் மெலனி, இறங்கி வந்தவரிடம்.

“வேண்டாம் மோள். நீ கீறினதை நான் கண்டிட்டன். அது காணும்.”

அன்று அந்தியில் யோசேப்பின் தோணி மூவரோடு துறைமுக வாயிலுக்குப் போனது. மஜீத் நல்ல கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். தாமே பிடிப்பதாகச் சொல்லித்தான் ஏறினார். மெலனி நடுவே அமர்ந்திருந்தாள். தன் சுவரை அவள் கடலிலிருந்து பார்ப்பது அதுவே முதல் முறை. தூசி இறங்கியிருந்தது. தெருவும் கிட்டங்கிகளும், சாயம் ஏறிய பந்தலும் சாம்பலுக்குள் மறைந்திருந்தன. மஜீத் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். தோணி மெல்ல நகர, மங்கலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை முக்கோணம் பிரிந்து, நகர்ந்து, தாங்கிக்கு நேர் கீழே வந்து நின்றது.

“இந்தா,” என்றார் மஜீத். “இந்தா இரிக்கான்.” தோணியைத் திருப்பினார். இடப்பக்கம் பார் தன் நுரையோடு விலகிச் சென்றது.

மாதா கோயிலின் அந்தி மணி நீர்மேல் நடந்து வந்தது. சற்றே பிந்தி, பள்ளிவாசலின் பாங்கு அதனோடு சேர்ந்தது. யோசேப்பு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து, வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை உதட்டுக்குள் சொன்னார். மஜீத் கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலே பாங்குக்கு மறுமொழி முணுமுணுத்தார். செபம் முடிந்ததும் மெலனி, ஆடுகிற தோணியில் முழந்தாளிட்டுத் தகப்பன் முன் கைகுவித்தாள்.

“சேசுவுக்குத் தோத்திரம், அப்பா.”

நகக்கண்ணில் சுண்ணாம்பு உறைந்திருந்த பெருவிரலால் யோசேப்பு அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். உலர்ந்த வெண்தூள் சிறிது அங்கே ஒட்டி நின்றது.

“ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், பிள்ளை. உன்ர கையையும், உன்ர கண்ணையும் அவர் காக்கட்டும். கடலுக்குப் போனவை எல்லாரும் கரை சேரட்டும்.”

“ஆமீன்,” என்றார் மஜீத், சுக்கானைப் பிடித்தபடி.